கவுட்: இன்றைய வலிக்கு எந்த மாத்திரை, நாளைக்கு எந்த மாத்திரை?

சித்திரை பிறந்துவிட்டால், ஒரு காலில் செருப்பும் மறுகாலில் வெறும் பாதமுமாக நொண்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். "நைட்டு படுக்கும்போது நல்லாத்தான்மா இருந்தேன். ரெண்டு மணிக்கு எழுந்தா கால் கட்டவிரல்ல நெருப்ப வச்ச மாதிரி கீது. போர்வை பட்டாக்கூட உயிர் போவுது. நல்ல வலி மாத்திரையா ஒண்ணு குடு" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இதுதான் கவுட், யூரிக் ஆசிட் மூட்டில் படிவதால் வரும் வலி. வேலூர் வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றுவதற்கும் இந்த வலி கிளம்புவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

காட்பாடியில் 14 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அந்த 'நல்ல வலி மாத்திரை'யை என் அப்பாவுக்கே எடுத்துக் கொடுத்தவள் நான். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் 30 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த இரவு முதல் முறை வந்தது. டைக்ளோஃபினாக் கொடுத்தேன், நான்கு நாளில் போய்விட்டது. அடுத்த முறை எட்டோரிகாக்ஸிப். அதற்கடுத்த முறையும் அதுவே. வந்தால் மாத்திரை, போனால் மறதி என்று நான்கு வருடம் ஓடியது. ஒரு நாள் கணுக்கால் வீங்கியிருக்கிறதே என்று ரத்தம் பார்த்தால் கிட்னி தளர்ந்திருப்பதைக் காட்டும் கிரியேட்டினின் 1.9, யூரிக் ஆசிட் 9.4. மருந்தியல் படித்த மகள் வீட்டிலேயே இருந்தும் இது நடந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம் நின்று பேசுகிறேன். கவுட்டில் நாம் எடுக்கவேண்டிய முடிவுகள் இரண்டு. இன்றைய வலியை எதால் அடக்குவது என்பது முதலாவது. அந்த வலியைக் கிளப்பும் யூரிக் ஆசிட்டை எதால் இறக்குவது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் மருந்து வேறு, நாள் கணக்கு வேறு, பயப்படவேண்டிய விஷயமும் வேறு.

தண்ணீரில் உப்பு ஓரளவுக்குத்தான் கரையும், மிஞ்சினால் அடியில் படியும். யூரிக் ஆசிட்டும் அப்படித்தான். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் தாண்டினால் அது ஊசி ஊசியான படிகங்களாக மூட்டில் தங்கத் தொடங்கும். கால் பெருவிரல் இதயத்திலிருந்து தூரமான, குளிர்ந்த இடம், அங்கே முதலில் படியும். உடம்பின் காவல் அணுக்கள் அந்த ஊசிகளைப் பகைவன் என்று எண்ணிப் பாயும்போதுதான் வீக்கம், சிவப்பு, நெருப்புச் சூடு எல்லாம். வலி ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே அடங்கிவிடும். ஊசிகள் மட்டும் அங்கேயே இருக்கும்.

வலி வந்த இரவுக்கு

கையில் இருப்பவை மூன்று: கோல்சிசின், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள், ஸ்டீராய்டு. வலியை அடக்கும் திறனில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 35 மி.கி. பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டும், 500 மி.கி. நேப்ராக்ஸன் என்னும் வலி மாத்திரை இரண்டு வேளையும் ஒரே அளவில்தான் வேலை செய்தன. ஆகவே எது 'பவரான' மாத்திரை என்று கேட்பதில் பலன் இல்லை. உங்கள் கிட்னி, சர்க்கரை, வயிறு, இதயம் இவற்றில் எது ஏற்கெனவே நொந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் தேர்வு. இன்னொன்று, மூன்றில் எதுவானாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கியவருக்கு நன்றாகக் கேட்கும். மூன்றாம் நாள் வந்து மாத்திரை கேட்டால் பாதிப் பலன் போய்விடும்.

கோல்சிசினைப் பற்றிச் சற்று நீளமாகச் சொல்லவேண்டும். அது நம் மண்ணுக்கு அந்நியமான மருந்து அல்ல. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். அதன் கிழங்கைத்தான் கண்வலிக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்கிறோம். மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகவே பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள். அந்த விதையிலும் கிழங்கிலும் இருக்கும் சத்துதான் கோல்சிசின். இதைக் கேட்டதும், "அப்போ கிழங்கையே அரைச்சுக் குடிக்கலாமா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். கூடவே கூடாது. அது உயிரை எடுக்கும் விஷம். மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம், கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடையில் இருக்கும் வரப்பு அவ்வளவு மெல்லியது.

மாத்திரையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். முன்பெல்லாம் வலி நிற்கும்வரை அல்லது பேதி ஆகும்வரை மணிக்கு ஒன்று என்று விழுங்கச் சொன்னார்கள். அந்தக் காலத்து முறையை இன்றும் சிலர் பழைய சீட்டில் வைத்திருக்கிறார்கள். 2010-ல் வந்த ஆய்வில் ஒரு மணி நேரத்துக்குள் மொத்தம் 1.8 மி.கி. கொடுத்தவர்களுக்கும் ஆறு மணி நேரத்தில் 4.8 மி.கி. கொடுத்தவர்களுக்கும் வலி ஒரே அளவில்தான் குறைந்தது, பேதியும் வாந்தியும் குறைந்த அளவு எடுத்தவர்களுக்கு வெகுவாகக் குறைவு. நம் ஊரில் கிடைப்பது 0.5 மி.கி. மாத்திரை. வலி தொடங்கியதும் இரண்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, அன்றைக்கு அவ்வளவுதான் என்று டாக்டர் எழுதுவது இதனால்தான். மூன்று மாத்திரை போதுமா என்று சந்தேகப்பட்டு நான்காவதைப் போடாதீர்கள். வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கிட்னி பாதித்தவர்களுக்கு கோல்சிசின் அளவைக் குறைக்கவேண்டும். சளி, இருமலுக்கு கிளாரித்ரோமைசின் எடுக்கிறவர்கள், இதயத்துக்கு வெரபமில், டில்டியாசெம் எடுக்கிறவர்கள், சிறுநீரக மாற்று செய்து சைக்ளோஸ்போரின் எடுக்கிறவர்கள் இதைச் சொல்லாமல் கோல்சிசின் வாங்கவே கூடாது. அந்த மருந்துகள் கோல்சிசினை உடம்பை விட்டு வெளியேற விடாமல் தேக்கி வைக்கும். கொழுப்புக்கு அடார்வஸ்டாடின் எடுக்கிறவர்களுக்கு, அதிலும் கிட்னி தளர்ந்திருந்தால், தொடை சதை வலியும் பலவீனமும் வரலாம். படி ஏற முடியவில்லை என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

வலி மாத்திரைகள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் அறிந்தவை. முப்பது நாற்பது வயது, பி.பி. இல்லை, கிட்னி நன்றாக இருக்கிறது, வயிற்றுப் புண் இல்லை என்பவருக்கு நேப்ராக்ஸனோ எட்டோரிகாக்ஸிப்போ ஒரு வாரம் சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் வேலை முடிந்தது. எட்டோரிகாக்ஸிப் 120 மி.கி. என்பது எட்டு நாளுக்கு மேல் போகக்கூடாத அளவு. பி.பி. கட்டுக்குள் இல்லாதவருக்கு அது ஆகாது. என் அப்பாவுக்கு இரண்டும் மீறப்பட்டன.

ஸ்டீராய்டு என்றாலே நம் மக்களுக்கு ஒரு நடுக்கம். ஆனால் 30 முதல் 35 மி.கி. பிரெட்னிசோலோன் ஐந்து நாள் எடுத்து நிறுத்துவதும், மூட்டுவலிக்கு என்று கலப்படப் பொடியில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுவதும் ஒன்றாகாது. கிட்னி பாதித்தவருக்கு மூன்றிலும் பத்திரமானது பெரும்பாலும் இந்த ஐந்து நாள் ஸ்டீராய்டுதான். சர்க்கரை உள்ளவருக்கு அந்த ஐந்து நாளும் சுகர் ஏறும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் தினமும் பாருங்கள், இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மூட்டில் வலி என்றால் அந்த மூட்டுக்குள்ளேயே ஊசி போடுவது இன்னும் நல்லது, உடம்பு முழுக்கப் போகாது.

இதெல்லாம் கவுட்தான் என்று தெரிந்தவருக்கு. மூட்டு சூடாக வீங்கி, கூடவே குளிர் ஜுரம் வந்தால் மாத்திரை தேடிக் கடைக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தாலும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், ஒரு நாள் தாமதம் மூட்டையே அழித்துவிடும். மூட்டு நீரை ஊசியில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் இரண்டையும் தெளிவாகப் பிரிக்க முடியும். வலி நடக்கும்போது எடுத்த ரத்தத்தில் யூரிக் ஆசிட் சாதாரணமாகக்கூடக் காட்டும். அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

யூரிக் ஆசிட்டை இறக்க

இங்கே முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். 'முழு உடல் பரிசோதனை' எடுத்து, யூரிக் ஆசிட் 7.6 என்று சிவப்பில் அச்சடித்திருப்பதைக் காட்டி மாத்திரை கேட்பவர்கள் உண்டு. வலி ஒருமுறைகூட வராதவருக்கு, அந்த எண்ணுக்காக மட்டும் மாத்திரை வேண்டாம் என்பதே அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல். வருடத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ வலி வருகிறவர், காதிலோ முழங்கையிலோ வெள்ளைக் கட்டி வந்தவர், எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரிகிறவர் ஆகியோருக்குக் கட்டாயம் வேண்டும். முதல் முறையே வந்திருந்தாலும் கிட்னி பாதிப்பு, கிட்னிக் கல், அல்லது யூரிக் ஆசிட் 9-க்கு மேல் என்றால் அப்போதே தொடங்குவது நல்லது.

தொடங்குவது என்று முடிவானால், நம் ஊரில் நிஜமாகப் போட்டியிடும் இரண்டு: அல்லோபியூரினால், ஃபெபுக்ஸோஸ்டாட். இரண்டும் யூரிக் ஆசிட்டை உண்டாக்கும் ஒரே நொதியைத்தான் தடுக்கின்றன.

அல்லோபியூரினால் பழையது. கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் இருவரும் ரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றின் பலத்தைக் கூட்டத் தேடும்போது கிடைத்தது. 1966-ல் கவுட்டுக்கு அனுமதி பெற்றது. 1988-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இதற்கும் பங்கு உண்டு. 100 மி.கி.யில் தொடங்கி, சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து ஏற்றிக்கொண்டே போகவேண்டும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 100 மாத்திரையை இரண்டு வருடமாக எடுத்துக்கொண்டு, "இது கேக்கவே இல்லம்மா" என்பார்கள். மருந்து கேட்காமல் இல்லை, அளவு எட்டவில்லை. நிறையப் பேருக்கு 300-க்கும் மேல் தேவைப்படும், அமெரிக்காவில் 800 வரைகூட அனுமதி உண்டு. கிட்னி பாதித்தவர்களுக்கு 50-ல் தொடங்கி இன்னும் மெதுவாக ஏற்றலாம். கிட்னி பழுது என்றால் 100-க்கு மேல் போகவே கூடாது என்ற பழைய பயம் இப்போது தளர்ந்திருக்கிறது.

அதன் பெரிய ஆபத்து ஒன்றுதான், ஆனால் அது நிஜமான ஆபத்து: சிலருக்குத் தோல் ஒவ்வாமை கடுமையாகி, வாய் வெந்து, ஜுரம் அடித்து, கல்லீரல், கிட்னி வரை போகும். அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள். ஹான் சீனர், கொரியர், தாய்லாந்துக்காரர் ஆகிய மரபினரிடம் இதற்கான மரபணு அதிகம் என்பதால் அவர்களுக்குப் பரிசோதித்துவிட்டுக் கொடுக்கிறார்கள். நம்மவர்களுக்கு நான் சொல்வது இது: முதல் இரண்டு மாதத்தில் உடம்பில் தடிப்போ அரிப்போ வந்தால், 'சூடு' என்று விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்காராமல், அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

ஃபெபுக்ஸோஸ்டாட்டின் வசதி அதன் எளிமை. 40 அல்லது 80, தினம் ஒன்று. கிட்னி சற்றுத் தளர்ந்திருந்தாலும் அளவை மாற்றத் தேவையில்லை. அல்லோபியூரினால் ஒத்துக்கொள்ளாதவருக்கு மாற்று. அதன்மேல் ஒரு நிழலும் விழுந்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ள கவுட் நோயாளிகள் 6190 பேரை வைத்து 2018-ல் வெளிவந்த ஆய்வில், இதயக் காரணத்தால் இறந்தவர்கள் ஃபெபுக்ஸோஸ்டாட் எடுத்தவர்களில் 4.3 சதவீதம், அல்லோபியூரினால் எடுத்தவர்களில் 3.2 சதவீதம். 2019-ல் அமெரிக்க மருந்துத் துறை பெட்டி மேலேயே எச்சரிக்கை போடவைத்தது. 2020-ல் ஐரோப்பாவில் 6128 பேரிடம் நடந்த ஆய்வில் அப்படி ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டையும் வைத்துப் பார்த்தால், ஹார்ட் அட்டாக் வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் ஆகியோருக்கு அல்லோபியூரினாலை முதலில் முயல்வதே என் மனதுக்குச் சரியாகப் படுகிறது. மற்றவர்களுக்கு இரண்டில் எதை எடுத்தாலும், எண் இறங்கும்வரை ஏற்றினால் பலன் ஏறக்குறைய ஒன்றே என்று 2022-ல் வந்த ஆய்வும் காட்டியது. நம் ஊர்ச் சீட்டுகளில் ஃபெபுக்ஸோஸ்டாட்தான் அதிகம் வருகிறது. என்னைக் கேட்டால், மெதுவாக ஏற்றிக்கொண்டு போகும் பொறுமை டாக்டரிடமும் நோயாளியிடமும் இருந்தால் அல்லோபியூரினாலுக்கு முதலிடம்.

யூரிக் ஆசிட்டைச் சிறுநீரில் தள்ளும் புரோபெனசிட் போன்றவை உண்டு. கிட்னிக் கல் உள்ளவருக்கு ஆகாது. கல்லடைப்பு இவ்வளவு பேருக்கு இருக்கிற வெயில் ஊரில் அதை நான் விரும்பமாட்டேன்.

வேலூரில் முக்கியமாகச் சொல்லவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. அதற்குப் பின் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவர்கள் இந்த ஊர்த் தெருக்களில் நிறையப் பேர். அவர்களில், மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க அசாதயோப்ரின் எடுப்பவர்களுக்கு அல்லோபியூரினாலோ ஃபெபுக்ஸோஸ்டாட்டோ சேர்ந்தால், ரத்த அணுக்கள் உற்பத்தியே நின்றுபோகலாம். இரண்டு சீட்டு, இரண்டு டாக்டர் என்றால் இரண்டு சீட்டையும் கடையில் ஒன்றாக நீட்டுங்கள்.

மருந்தே கவுட்டை வரவழைக்கும் கதையும் உண்டு. என் அப்பாவின் பி.பி. மாத்திரைப் பெயரின் கடைசியில் 'எச்' என்று ஓர் எழுத்து இருந்தது. ஹைட்ரோகுளோரோதயசைடு என்னும் நீர் பிரியும் மருந்து அதில் சேர்ந்திருப்பதற்கு அடையாளம் அது. அது யூரிக் ஆசிட்டை ஏற்றும். டாக்டர் அதை எடுத்துவிட்டு லோசார்டன் கொடுத்தார், அது ஓரளவு இறக்கும். காசநோய்க்கு எடுக்கும் பைரசினமைடும் ஏற்றும், அது சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தோடு முடிந்துவிடும். இதயத்துக்கு எடுக்கும் சின்ன ஆஸ்பிரினும் சற்று ஏற்றும். இதில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதல் ஆறு மாதம்

யூரிக் ஆசிட் மாத்திரையைத் தொடங்கிய முதல் மாதங்களில் கவுட் வலி முன்பைவிட அடிக்கடி வரலாம். படிந்திருந்த ஊசிகள் கரைந்து கலையும்போது உடம்பு மறுபடி பாயும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால், "இந்த மாத்திரை போட்டதுலேர்ந்துதான்மா வலியே ஜாஸ்தியாச்சு" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தவரை கவுட் சிகிச்சை முறிந்துபோகிற இடம் இதுதான். இதற்காகத்தான் மூன்றிலிருந்து ஆறு மாதம் தினம் 0.5 மி.கி. கோல்சிசின் துணைக்கு எழுதுவார்கள். வலி வந்தாலும் யூரிக் ஆசிட் மாத்திரையை நிறுத்தவேண்டாம். வலிக்கு வேறு மாத்திரை சேர்த்துக்கொள்ளுங்கள், இது பாட்டுக்கு ஓடட்டும்.

இலக்கு 6-க்குக் கீழ். கட்டி வந்தவர்களுக்கு 5-க்குக் கீழ். அதைத் தொட்ட பின்னும் நிறுத்தக்கூடாது. சர்க்கரை, பி.பி. மாத்திரை மாதிரிதான், நிறுத்தினால் எண் மறுபடி ஏறிவிடும். காசு கவலை என்றால், மக்கள் மருந்தகத்திலும் 2025-ல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். என் கடையில் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, விட்டுவிடாமல் எடுத்தால் போதும்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள், நான் கடைசியில்தான் சொல்வேன். பத்தியத்தால் மட்டும் இறங்குவது பெரும்பாலும் 1 மி.கி. அளவுதான். 9.4-ல் இருந்தவரைப் பத்தியம் 6-க்குக் கொண்டுவராது. பருப்பு, கீரை, காளான் என்று எல்லாவற்றையும் நிறுத்தி உடம்பு வற்றிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் சாப்பிடலாம். குறைக்கவேண்டியவை ஈரல், மூளை, மத்தி, நெத்திலி, இனிப்பு கலந்த பாட்டில் குளிர்பானங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக பீர். ஆம்பூர் பிரியாணியை ஆயுசுக்கும் விடவேண்டாம். கல்யாணத்தில் ஒரு கை அளவு சாப்பிட்டு, குளிர்பானத்தை விட்டு, நிறையத் தண்ணீர் குடியுங்கள். கிட்னிக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் அந்த அளவோடு நிற்கவும்.

அப்பாவுக்கு அல்லோபியூரினாலை அரை மாத்திரையில் தொடங்கினோம். நான்காவது வாரம் வலி வந்தபோது, "வேணாம்பா இது" என்று அவரும் அட்டையை ஒதுக்கி வைத்தார். ஐந்து நாள் பிரெட்னிசோலோன் கொடுத்து, மாத்திரையைத் தொடரவைத்தோம். 250-க்கு வர எட்டு மாதம் ஆனது. ரத்தம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எண்ணை மாதக் காலண்டரில் அவரே எழுதிவைப்பார்: 8.1, 7.2, 6.4, 5.6. கிரியேட்டினின் 1.7-ல் நிற்கிறது, அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முழங்கையில் சுண்டைக்காய் அளவு இருந்த கட்டி மிளகளவுக்கு வந்திருக்கிறது. போன ஆடிக் கிருத்திகைக்கு என் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வள்ளிமலைப் படி ஏறினார். இறங்கும்போது தோளைப் பிடிக்கவில்லை.